ஆள்காட்டி ஏன் வெட்டவெளியில் முட்டையிடுகிறது

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. இரண்டு நாடுகளுக்கு நடுவே, பொட்டல் காட்டில், மேட்டுக்கரடு என்று ஒரு சின்ன ஊர். தானியம் கேட்டு இரண்டு அரசர்களின் ஆட்களும் தவறாமல் வருவார்கள். கொள்ளை விழுந்தால் மட்டும், அது பக்கத்து நாட்டு ஊர் என்று இருவருமே கையை விரித்துவிடுவார்கள்.

கொள்ளையும் அடிக்கடி விழுந்தது. குதிரைக்காரர்கள் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். மாடு இல்லாமல் உழவு ஏது? அதனால் ஊரார் ஆள்காட்டிக் குருவியைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் அது மற்றக் குருவிகளைப் போலப் புதரில்தான் கூடு கட்டும். புது முகம் தெரிந்தால் பறந்து வந்து கத்தும். ஊரார் மாடுகளை ஓடைப் பள்ளத்துக்குள் இறக்கிவிடுவார்கள். ஒருநாளும் பொய்க்குரல் கொடுத்ததில்லை என்று அதற்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அந்தப் பெயர்தான் வினையாயிற்று. ஆள்காட்டி எங்கே வட்டமிட்டுக் கத்துகிறதோ அங்கே ஆள் உண்டு என்று கொள்ளைக்காரர்களும் கண்டுகொண்டார்கள். ஒரு கோடையில் வந்தவர்கள், வெறிச்சோடிய ஊரைக் கண்டதும் குதிரையை விட்டு இறங்கி, குருவியின் குரலுக்காகக் காத்து நின்றார்கள்.

பள்ளத்தில் சடைச்சி, மாட்டு மணிகளையெல்லாம் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் மாடுகளை மேய்ப்பவள் அவள்தான். ஆள்காட்டி அவள் பக்கத்தில் வந்து இறங்கியது.

"அவனுக ஊருக்குள்ள நொழஞ்சதுல இருந்து நான் வாயே தொறக்கல, சடைச்சி."

"மூடிக்கிட்டா மட்டும் ஆச்சா? கொஞ்ச நேரம் பாத்துட்டு அவனுகளே தேடி வந்துருவானுக. வேற எங்கயாச்சும் போயிக் கத்தேன்."

"வெறும் பொட்டல்ல கத்துனா எவன் நம்புவான்? ஆள் ஒளியிற மாதிரி மேக்க இருக்கிறது அந்த ஒரு முள்ளுப் புதருதான்."

"அப்ப அங்க போ."

"அதுலதான் என் முட்டை இருக்கு."

சடைச்சி, தன் பிள்ளையாக இருந்தால் அனுப்புவேனா என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது குருவி அங்கே இல்லை.

மேற்கே குரல் கேட்டது. கொள்ளைக்காரர்கள் ஓடிப்போய்ப் புதரைச் சூழ்ந்துகொண்டார்கள். "வெளிய வாங்கடா!" என்று அதட்டினார்கள். யாரும் வராததால் நெருப்பு வைத்தார்கள். காய்ந்த முள் சடசடவென்று பற்றிக்கொண்டது. ஆள்காட்டி மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. இப்போது அதற்கு நடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

புகை தூரத்துக்குத் தெரிந்தது. எதிரி எல்லை தாண்டிவிட்டான் என்று ஏதாவது ஒரு நாட்டுப் படை கிளம்பிவிடுமே என்று பயந்து, வந்தவர்கள் வெறுங்கையோடு குதிரையேறிப் போனார்கள்.

சடைச்சி சாம்பலருகே வந்து நின்றாள். "பாவி நான், கேட்டிருக்கக் கூடாது" என்று அழுதாள்.

"இனிமே புதருல முட்டையிட மாட்டேன்" என்றது குருவி. "மறைவான எடத்தத்தான் எல்லாரும் தேடுறாக. வெட்டவெளியில யாரு தேடப் போறா?"

"எங்க நெலத்துல போடு. ஏரு அது மேல ஏறாது. அதுக்கு நான் பொறுப்பு."

அன்று முதல்தான் ஆள்காட்டி வெறுந்தரையில், கல்லோடு கல்லாகத் தெரியும்படி முட்டையிடுகிறது. இன்று அந்த எல்லையும் இல்லை, அரசர்களும் இல்லை. ஆனால் மேட்டுக்கரட்டில் உழும்போது ஆள்காட்டி முட்டை கண்ணில் பட்டால், அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் உழுகிறார்கள். இப்போது டிராக்டரும் அங்கே வளைந்துதான் போகிறது.