கலப்பைக்குப் பிடித்த குடை

ஊரில் இருந்த ஒரே டிராக்டர் நாச்சியப்பருடையது. அதனால் உழவு வரிசையில் தெய்வானையின் அரைக்காணி எப்போதும் கடைசி. ஏழை நிலத்துக்கு மட்டும் மழை ஈரம் காத்திருக்குமா என்ன?

அன்று கலப்பையைத் தூக்கி இறக்கும் ஆயில் ஓஸ், அந்த ரப்பர் குழாய், டிராக்டரில் மாட்டவே இல்லை. வெயிலுக்குக் குடை பிடித்து நின்றபடி டிரைவரைத் திட்டிய நாச்சியப்பர், சுத்தியலை எடுக்கச் சொன்னார்.

"அடிக்காதீங்கய்யா, நான் மாட்டுறேன்," என்றாள் களை வெட்ட வந்த தெய்வானை.

"நீயா? மாட்டிட்டா உன் நிலத்தைத்தான் முதல்ல உழுவேன்."

"சரிங்கய்யா. உங்க குடையை மட்டும் இதுக்கு மேல பிடிங்க."

சவால் விட்டவர் வேறு வழியில்லாமல் பிடித்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல் அவள் ஓஸிலும் கலப்பையில் அது சேரும் ஆயில் சிலிண்டரிலும் ஈரத்துணியைச் சுற்றி, நனைத்துக்கொண்டே இருந்தாள். அரை மணி கழித்து உள்ளங்கையால் தள்ளினாள். 'டக்'கென்று மாட்டிக்கொண்டது.

"என்ன மந்திரம் போட்டே?"

"மந்திரமா? மூணு நாளா கலப்பையை வெயில்ல போட்டிருந்தீங்க. சூட்டுல ஆயில் வீங்கி உள்ளேயிருந்து முட்டுச்சு. குடை உங்களுக்கு இருந்துச்சு, அதுக்கு இல்லை."

டிரைவர் வேறுபக்கம் திரும்பிச் சிரித்தான். நாச்சியப்பருக்கு வேர்த்துக் கொட்டியது. தெய்வானை மிச்சத் துணியை நனைத்துப் பிழிந்து நீட்டினாள்.

"நீங்களும் சூடாயிட்டீங்க. தலையில போட்டுக்குங்கய்யா. என் வயல் வரைக்கும் நடக்கணும்ல."