நாலு எண்ணுவதற்குள்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்போ சரி. கதையைச் சொல்லுதேன்.

"டீச்சர், செத்துப்போச்சு!" என்று போனில் கத்தினார் ஆவுடையப்பன்.

"யாரு அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டரு!"

"சாகுததுக்கு அது என்ன ஆடா மாடா? இருங்க, வாரேன்."

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள் கிரேஸ்லின். முப்பத்தொரு வயசு. ஆவுடையப்பன் ரிட்டையர் ஆனவர், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவளிடம் தொழில் படிக்க வந்து எட்டு மாதம். வயசில் அவர் அண்ணாச்சி. தொழிலில் அவள் டீச்சர்.

செத்துப்போனதாக அவர் சொன்னது அவருடைய எதிர்வீட்டுச் செண்பகவல்லியின் கம்ப்யூட்டர். செண்பகவல்லி வீணை சொல்லிக்கொடுக்கிறவள். இரண்டு வருஷமாக ஒரு பிள்ளையும் படிக்க வரவில்லை. இப்போதுதான் மலேசியாவில் ஆறு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். அன்றைக்கு விஜயதசமி. பதினோரு மணிக்கு ஆன்லைனில் முதல் பாடம். நேரம் தப்பினால், நல்ல நாளில் தடங்கலாகிவிட்டதென்று பெற்றவர்கள் வேறு வாத்தியாரைத் தேடிப் போய்விடுவார்கள். போனில் நடத்தலாமென்றால், அந்தச் சின்னத் திரையில் விரல் எந்தத் தந்தியில் நிற்கிறதென்று யாருக்குத் தெரியும்?

கிரேஸ்லின் வந்தபோது மணி பத்தரை.

பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகச் செண்பகவல்லி அழுதுகொண்டிருந்தாள். ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் திருகாணிகள்.

"என்னெல்லாம் பார்த்தீங்க?"

"என்ன பார்க்கல? ராம் சிப்பைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்ச்சேன். பவர் சப்ளையை மாத்திப் போட்டேன். வயரு வயரா இழுத்துப் பார்த்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மதர்போர்டு போச்சு டீச்சர்."

"சுவிட்சைப் போடுங்க."

சுவரில் சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள் விசிறி தானாகவே சுற்றியது. விளக்கு எரிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

டப்பென்று அணைந்தது.

"திரும்ப."

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. டப்.

"காலையில இருந்து இதே கூத்துதான்" என்றாள் செண்பகவல்லி. "நேத்து ஆயுத பூஜைக்கு முன்னால வரைக்கும் நல்லா ஓடிச்சு அக்கா. பூஜைக்கு வெச்சா மறுநாள்தானே எடுக்கணும்? அதான் தொடவே இல்லை."

"யாரு பூஜை போட்டது?"

"நாந்தான்!" என்று நிமிர்ந்தார் ஆவுடையப்பன். "என் கையால. பாருங்க டீச்சர், இவ்வளவு கழற்றி மாட்டியிருக்கேன், நெத்திப் பொட்டுல ஒரு கீறல் விழலயே! தொடாமப் பார்த்துக்கிட்டேம்லா."

பெட்டியின் முகத்தில் நெல்லிக்காய் பருமனுக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

கிரேஸ்லின் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்து வெளியே போய், வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போறாங்களோ?" என்றாள் செண்பகவல்லி.

அப்போது அழைப்பு மணி அடித்தது. குருவி கத்துகிற மணி அது. கீச் கீச் கீச் கீச். நிற்கவில்லை. கீச் கீச் கீச் கீச் கீச்.

"யாரு அது, பெல்லுலயே சாய்ஞ்சு நிக்கது?"

கீச் கீச் கீச் கீச்.

மணி பத்தே முக்கால். ஆவுடையப்பனுக்கு மண்டைக்குள் ரத்தம் ஏறியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசலில் கிரேஸ்லின் சாவகாசமாக நிற்கிறாள், விரல் பட்டனில்.

"என்ன டீச்சர் விளையாட்டு? விரலை எடுங்க! எடுங்கங்கேன்!"

எடுத்தாள். குருவி அடங்கியது.

"இதைத்தான் அண்ணாச்சி, அந்தக் கம்ப்யூட்டரும் காலையில இருந்து உங்ககிட்டக் கத்துது."

ஆவுடையப்பன் மெதுவாகத் திரும்பி உள்ளே பார்த்தார்.

"நான் எங்க டீச்சர் அமுக்கிக்கிட்டு..."

பாதியில் நின்றது பேச்சு. ஒரே தாவு! செண்பகவல்லியின் பூஜைத் துண்டைப் பறித்துத் தண்ணீரில் நனைத்தார். சந்தனப் பொட்டை வழித்தார். அடியில், காய்ந்த சந்தனம் சுற்றிலும் இறுகிப் பிடிக்க, உள்ளே போனது போனபடியே கிடந்தது பவர் பட்டன்.

"ஊக்கு! ஊக்கு குடு தாயி!"

ஊக்கு முனையால் சுற்றிலும் சுரண்டினார். டிக். பட்டன் வெளியே வந்தது.

"இப்போ அமுக்குங்க" என்றாள் கிரேஸ்லின். "அமுக்கி, விடுங்க. நாலு எண்ணுற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்தா அணைஞ்சிரும்."

அமுக்கினார். விட்டார். சுடுசட்டியைத் தொட்டவர் மாதிரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நாலு.

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அஞ்சு!" என்று கத்தினாள் செண்பகவல்லி. "ஆறு! ஏழு!"

திரை வெளுத்தது. மணி பத்து ஐம்பத்தி நாலு.

பதினோரு மணிக்கு ஆறு கட்டங்களில் ஆறு முகங்கள் வந்து, "வணக்கம் டீச்சர்!" என்றன. செண்பகவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீணையை மடியில் ஏற்றினாள். முதல் தந்தி அதிர்ந்தது.

திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே வந்த ஆவுடையப்பன், பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அப்போ நான் பொட்டு வெச்சது தப்பா?"

"எந்த விரலால வெச்சீங்க?"

"பெருவிரல்."

"நீட்டுங்க."

நீட்டினார். கிரேஸ்லின் கழுத்துச் சிலுவை தட்டில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறுகையால் சந்தனக் கிண்ணத்தில் விரல்நுனியைத் தொட்டு, அவருடைய பெருவிரல் நகத்தின்மேல் கடுகளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். "இவ்வளவு போதும் அண்ணாச்சி."