பின்வாங்கி மறுபடியும் கேட்கவும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் வெள்ளோடைப்பட்டி என்று ஓர் ஊர். அந்த ஊரில் மூன்று பேர் கூடி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கினார்கள். மூன்று பேரும் நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் கிடைக்காததால், நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிக்குத் தலைவர் தவசிக்கனி. பொறுப்பான மனிதர். எந்தக் காரியத்தையும் சொன்னது சொன்னபடி செய்வார். சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதில் மட்டும் தலையிட மாட்டார். இரண்டாவது ஆள் சொரிமுத்து. விசைப்பலகையில் எழுத்து எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவர்தான் இன்ஜினியர். மூன்றாவது எபனேசர். அவர் எதற்காக இருக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

தவசிக்கனிக்குச் சண்முகவடிவு என்று ஓர் அக்கா. உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவள். போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வந்த ஒரு மழையில் அவளுடைய உப்பு அம்பாரம் பாதி கரைந்து ஓடையோடு போய்விட்டது. அன்று அவளைவிட அதிகமாக அழுதது தவசிக்கனிதான்.

"எக்கா, இனிமே உன் உப்புல ஒரு கல்லு நனையாது. மழை வாரதுக்கு முன்னாலயே உனக்குச் சொல்லுதது என் பொறுப்பு. சொல்லலைன்னா கம்பெனியை மூடிட்டு உன் அளத்துல உப்பு சுமக்க வாரேன்" என்று சத்தியம் செய்தார். அக்காவும் மனம் இளகி, சாக்கு அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியைக் காலி செய்து ஆபீஸுக்குக் கொடுத்தாள்.

மழை வருமா வராதா என்று கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் மூவரிடமும் இல்லை. அது மேகமாலை என்ற வெளியூர் கம்பெனியிடம் இருந்தது. நம் கம்ப்யூட்டர் அவர்கள் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்கலாம், அது பதில் சொல்லும். இந்த ஏற்பாட்டுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். இலவசம்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குப் பத்துக் கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது.

இதையெல்லாம் இணைத்துக் கொடுத்தவன் தவசிக்கனியின் மருமகன். திரையில் 'மழை வருமா' என்று ஒரு பொத்தான், 'மீதம் எத்தனை' என்று ஒரு பொத்தான் வைத்தான். "மாமா, எதையும் மாத்தாதீங்க. சந்தேகம்னா மேகமாலைக்காரங்க அனுப்புன வழிகாட்டியைப் படிச்சு, அதுல இருக்கிறபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். அவன் செய்த ஒரே தவறு அந்தக் கடைசி வாக்கியம்தான்.

வழிகாட்டியை மூவரும் பயபக்தியோடு திறந்தார்கள். முதல் வரியிலேயே சிக்கல் வந்தது. 'உங்களுக்கு வழங்கப்பட்ட சாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் தலைப்பகுதியில் இருக்க வேண்டும். அதை யாருக்கும் காட்டாதீர்கள்.'

சாவி என்றது கடவுச்சொல் மாதிரி ஒரு நீளமான எழுத்துச் சரம். தலைப்பகுதி என்றது கம்ப்யூட்டர் அனுப்புகிற கேள்வியின் மேல் பகுதி. மருமகன் அதை வைக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே வைத்துவிட்டான். ஆனால் வழிகாட்டியில் அப்படி எழுதவில்லையே.

"தலைப்பகுதின்னா யார் தலை அண்ணாச்சி?" என்று கேட்டார் சொரிமுத்து.

தவசிக்கனி நெடுநேரம் யோசித்தார். "நான் தலைவர். என் தலை நாலு இடத்துக்குப் போகணும். உன் தலை கம்ப்யூட்டருக்கு வேணும்."

இருவரும் எபனேசரைப் பார்த்தார்கள். எபனேசர் கண் கலங்கிவிட்டார். இத்தனை நாளாகத் தான் எதற்கு என்று அவருக்கே தெரியாமல் இருந்தது.

சாவியைத் தாளில் எழுதி, மடித்து, எபனேசரின் உச்சியில் வைத்து, யாரும் பார்த்துவிடாதபடி துண்டால் தலைப்பாகை கட்டினார்கள். அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொரிமுத்து பொத்தானை அமுக்கினார். 'மழை இல்லை. வானம் தெளிவு' என்று பதில் வந்தது.

வேலை செய்துவிட்டது. அதுதான் வினை. பதில் வராமல் இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பார்கள்.

"பத்துல ஒண்ணு போச்சு. மிச்சம் ஒன்பது. எதுக்கும் சரி பாத்துக்கோ" என்றார் தவசிக்கனி. சொரிமுத்து 'மீதம் எத்தனை' என்பதை அமுக்கினார். எட்டு என்று வந்தது.

மீதம் கேட்பதும் ஒரு கேள்விதான் என்று மேகமாலை கணக்கு வைத்திருந்தது. இவர்களுக்கு அது தெரியாது. சொரிமுத்து திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணைக் காணோமே!"

"நல்லாப் பாருலே."

பார்த்தார். ஏழு.

"அண்ணாச்சி, எவனோ எடுக்கான். நாம பாக்கப் பாக்க எடுக்கான்!"

தவசிக்கனி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார். பார்த்தார்கள், ஆறு. ஜன்னலைச் சாத்தினார்கள், ஐந்து. எபனேசரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள், நான்கு. மின்விசிறியை நிறுத்திவிட்டு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் காத்திருந்து பார்த்தார்கள், மூன்று. திருடன் அசரவே இல்லை. கடைசியில் 'உங்கள் அளவு முடிந்துவிட்டது' என்று வந்தபோது தவசிக்கனி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாடா. இனிமே அவனால எதையும் எடுக்க முடியாது."

இப்படிக் கேள்வி களவு போகிற ஊரில் எதையும் சிக்கனமாகச் செய்ய வேண்டும் என்று முடிவானது. வழிகாட்டியும் அதையே சொன்னது: 'ஒருமுறை பெற்ற பதிலைச் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துங்கள். தேவையில்லாமல் புதிதாகக் கேட்காதீர்கள்.'

கையில் ஒரு பதில் இருந்ததே! 'மழை இல்லை. வானம் தெளிவு.' அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். தினமும் காலையில் சொரிமுத்து அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து அக்காவின் போனுக்கு அனுப்புவார். அனுப்பும்போது எபனேசர் தலைப்பாகையோடு பக்கத்தில் நிற்பார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வெயில் கொளுத்தியது. சட்டத்தில் இருந்த பதில் ஒருநாள்கூடப் பொய்க்கவில்லை. தவசிக்கனி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அளத்து வரப்பில் நடந்தால், வேலைக்கு வந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் சொல்லை ஊர் நம்புகிறது என்று நினைத்துச் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் சண்முகவடிவு ஆபீஸுக்குள் வேகமாக வந்தாள்.

"தவசி, கிழக்க கருங்கும்முனு கிடக்கு. லாரி வந்து நிக்கு. உப்பை ஏத்தவா, அம்பாரத்தை மூடவா? உன் மிசினு என்ன சொல்லுது?"

தவசிக்கனி பெருமையோடு சுவரைக் காட்டினார்.

"இது எப்பம் சொன்னது?"

"மாசி மாசம்க்கா. இன்னும் புதுசு மாதிரியே இருக்கு பாரு."

அக்கா சட்டத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். "இப்பவே புதுசா கேளுலே, மூதி!"

அவள் போட்ட சத்தத்தில் மூவரும் பொத்தான்மேல் பாய்ந்தார்கள். ஒருவர் அமுக்குவதற்குள் இன்னொருவர் அமுக்கினார். வந்த பதிலை யாரும் படிப்பதற்குள் மூன்றாமவர் அமுக்கினார். கண்மூடித் திறப்பதற்குள் பத்தும் தீர்ந்து, திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள். பின்வாங்கி மறுபடியும் கேட்கவும். மறுபடியும் மறுக்கப்பட்டால் இரண்டு மடங்கு பின்வாங்கவும்.' கொஞ்ச நேரம் பொறுத்துக் கேள், மறுத்தால் இரண்டு மடங்கு நேரம் பொறு என்பதைத்தான் மேகமாலை அப்படிச் சொன்னது.

"பின்வாங்கச் சொல்லுதான்" என்றார் சொரிமுத்து.

"சொன்னா செய்ய வேண்டியதுதானே?" என்றார் தவசிக்கனி.

சொரிமுத்து மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். மூவரும் ஓர் அடி பின்னால் வைத்து, கேட்டார்கள். மறுப்பு வந்தது. இரண்டு அடி. மறுப்பு. நாலு அடி வைத்தபோது வாசல் வந்துவிட்டது. தெருவில் இறங்கியதும் எபனேசருக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணாச்சி, என் அடி பெருசு, சொரிமுத்து அடி சின்னது. எந்த அடியை அவன் கணக்குல வைப்பான்?"

"தலைவர் அடியைத்தான் வைப்பான். பேசாம வா."

ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கியதில் எண்ணிக்கை அவர்கள் படிப்பைத் தாண்டிப் போனது. அதன் பிறகு மனசாட்சிப்படி பின்வாங்கினார்கள். தெருவைக் கடந்து, லாரியைச் சுற்றி, வரப்பில் ஏறி, பாத்தியில் இறங்கி, கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, எங்கலே போறீய?" என்று அக்கா கத்தினாள்.

"பின்வாங்குதோம்க்கா! கேட்டுச் சொல்லுதோம்!"

உப்பு சுமந்துகொண்டிருந்த பெண்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். மூன்று பெரிய மனிதர்கள், ஒருவர் தலைப்பாகையோடு, ஆபீஸ் வாசலைப் பார்த்தபடி, முகம் வெளுத்துப் பின்னால் நடந்து போகிறார்கள். பேச்சியம்மாள் என்பவள் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி, எதைப் பாத்து இப்படிப் பயந்து போறீய?"

"கேக்காதீங்கம்மா" என்றார் எபனேசர். "ஏற்கெனவே ரொம்பக் கேட்டாச்சு."

அவ்வளவுதான். ஏதோ பெரிய ஆபத்து வருகிறது என்று அளம் முழுக்கப் பேச்சு பரவி, ஆளாளுக்குக் கூடையைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்கள். சண்முகவடிவு விவரமானவள். இத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டதைப் பார்த்தாள். முதல் காற்று ஈரமாக முகத்தில் அடிப்பதையும் உணர்ந்தாள். "ஓடாதீய! தார்ப்பாயை எடுங்க! அம்பாரத்தை மூடுங்க!" என்று குரல் கொடுத்தாள். பெண்கள் இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள்.

தவசிக்கனியும் கூட்டாளிகளும் அந்த நேரத்தில்தான் அம்பாரத்தின் மறுபக்கத்தை அடைந்திருந்தார்கள். முதுகில் உப்பு தட்டியது. பின்வாங்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்ததால் அதன்மேலேயே ஏறினார்கள். திடீரென்று உலகம் இருட்டிவிட்டது. தலைக்கு மேல் தடதடவென்று சத்தம்.

"கரண்டு போச்சு அண்ணாச்சி" என்றார் சொரிமுத்து.

"இது என்ன சத்தம்?"

"மேல மாடியில யாரோ நடக்காங்க."

இதற்குள் அந்த மணி நேரம் முடிந்து புது மணி நேரம் பிறந்துவிட்டது. சொரிமுத்து கடைசியாக ஒருமுறை அமுக்கினார். திரை பளிச்சென்று விழித்தது. 'கனமழை எச்சரிக்கை. மழைக்கான வாய்ப்பு எழுபது சதவீதம்.'

தவசிக்கனியின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. சத்தியம் செய்தது இதற்காகத்தானே! இருட்டில் வாயைத் திறந்து, உயிரைக் கொடுத்துக் கத்தினார்: "எக்கா! மழை வரப்போகுது! உப்பை மூடு!"

தார்ப்பாய்க்கு வெளியே, கொட்டுகிற மழையில் நின்றிருந்த சண்முகவடிவு திடுக்கிட்டுப் போனாள். "எவம்லே அது உப்புக்குள்ள?"

"நான்தாம்க்கா! மூடு!"

"மூடியாச்சுலே!"

தவசிக்கனி இருட்டில் கூட்டாளிகள் பக்கம் திரும்பினார். "பாத்தியளா? சொன்ன உடனே மூடிட்டா. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை."

பெண்கள் கயிற்றை அவிழ்த்து மூவரையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சொரிமுத்து மழையில் நின்று தன் உடம்பை ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தார்.

"என்னலே தேடுத?"

"எழுபதுதான சொன்னான்? பாக்கி முப்பது எங்கயாவது காஞ்சிருக்கணுமே." கடைசியில் அக்குளில் கை வைத்துப் பார்த்து, "கணக்கு சரிதான் அண்ணாச்சி" என்றார்.

அக்காவுக்குச் சிரிக்கவா அடிக்கவா என்று தெரியவில்லை. உப்பு தப்பியதால் சிரித்துவிட்டு, அடிப்பதைத் தள்ளி வைத்தாள்.

ஆனால் மழை நிற்பதாக இல்லை. தவசிக்கனிக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆபீஸுக்குத் திரும்பியதும் சொரிமுத்துவை உட்கார வைத்து மேகமாலைக்கு ஒரு மின்னஞ்சல் அடிக்கச் சொன்னார். "ஐயா, எங்களைப் பத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்றீர்கள். கட்டுப்பட்டோம். பின்வாங்கு என்றீர்கள். உப்புக்குள் புதையும் வரை பின்வாங்கினோம். உங்கள் மழை மட்டும் அளவில்லாமல் பெய்வது நியாயமா? தயவுசெய்து அதையும் பின்வாங்கச் சொல்லவும்."

அனுப்பிய மறு நொடியில் மேகமாலையின் கம்ப்யூட்டர், யார் எழுதினாலும் அனுப்புகிற அதே பதிலை அனுப்பியது. 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. உடனடியாகக் கவனிக்கப்படும்.'

கோடை மழைதானே. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

மூவரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை கிட்டங்கி வாசலில் புதுப் பலகை தொங்கியது: 'இங்கு மழை நிறுத்தித் தரப்படும்.'

முதல் வாடிக்கையாளராகப் பக்கத்து ஊரிலிருந்து அகத்தீஸ்வரன் என்ற பெரியவர் வந்தார். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம், திறந்தவெளிப் பந்தல், அன்றைக்கு மழையை நிறுத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

"தாராளமா நிறுத்திரலாம்" என்றார் தவசிக்கனி. "ஆனா ஒண்ணு, அண்ணாச்சி. நிறுத்துதது மட்டும்தான் எங்க வேலை. அன்னைக்கு மழையை வரவழைக்கிறது உங்க பொறுப்பு. வராத மழையை நாங்க எப்படி நிறுத்த?"

அகத்தீஸ்வரன் சற்று யோசித்தார். "அது நியாயம்தான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணத்தன்றைக்கு மழைக்கு ஏற்பாடு செய்யப் புறப்பட்டார்.