ஓசையற்ற தேரில் ஒரு முற்பகல்

மன்னர் குலசிங்கரின் தேர் புறப்பட்டால் அரைக் காதத்துக்கு அப்பால் மேயும் ஆடுகள்கூடத் தலை நிமிர்த்தும். ‘கிறீச்… கிறீச்…’ என்று அத்தனை பெரிய ஓசை. அச்சு உறுதி, சக்கரம் உறுதி, எவ்வளவு வண்டி மை தடவினாலும் வாய் மட்டும் ஓயாது. அரசவையில் வாய் ஓயாதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை விறகாக்கலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. தேருக்குத்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

சொன்னவர் தளவாய் வீரகேது.

“அரசே, துறைமுகத்திலிருந்து புதுத் தேர் ஒன்று தருவித்திருக்கிறேன். சக்கரத்துக்குத் தோல் உறை, குதிரைக் குளம்புக்கும் தோல் உறை. பூனை நடப்பது போல் போகும். பழையதை மடைப்பள்ளிக்கு அனுப்பினால் ஒரு வாரத்துக்கு அடுப்பெரியும். அதை ஓட்டும் பொன்னாண்டியையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். புதுத் தேரை ஓட்ட என் மருமகன் இருக்கிறான்.”

மருமகன் இருக்கிறான் என்பதுதான் செய்தி, மற்றதெல்லாம் முன்னுரை.

பத்து ஆண்டுகளாக அந்தத் தேரைக் கழற்றியும் பூட்டியும் காத்து வந்த பாகன் பொன்னாண்டி, தூணோரம் நின்றபடி முகம் வெளிறினான்.

ஓலை எழுதும் சொக்கம்மை எழுத்தாணியைக் கீழே வைத்தாள். மன்னரை மறுத்துப் பேசிவிட்டுத் தலையோடு வீடு திரும்பும் ஒரே ஆள், அந்த அவையில் அவள்தான்.

“ஆண்டுக்குச் சக்கரத்துக்கு ஒரு இரும்புப் பட்டை, மாதத்துக்கு ஒரு கிண்ணம் மை. அந்தத் தேர் கேட்பது அவ்வளவே, அரசே. இந்த அவையில் அதைவிடக் குறைவாகக் கேட்பவர் யாரேனும் உண்டா?”

“யாம் சிந்தித்தோம்,” என்றார் மன்னர். “உன்னைத் தவிர அதை விரும்புவார் இல்லை. நாளை மாலைக்குள் தளவாயாரே தம் வாயால் ‘பழைய தேர் வேண்டும்’ என்று கேட்டால், தேரும் இருக்கும், பொன்னாண்டியும் இருப்பான். இல்லையேல் இரண்டுக்கும் விடை.”

தளவாய் குலுங்கிச் சிரித்தார். “நானா? கேட்பேனா?”

“கேட்பீர்கள்,” என்றாள் சொக்கம்மை. “அரசே, நாளைக் காலை புதுத் தேரில் நகரைச் சுற்றி வாருங்கள். பாகன் பொன்னாண்டியே இருக்கட்டும். கொம்பு ஊதுபவர் வேண்டாம். ஓசையற்ற தேரை வாங்கிவிட்டு அதற்கு முன்னால் கொம்பு ஊதினால், தளவாயாரின் தேர்வுக்கு இழுக்கல்லவா?”

தளவாய்க்கே அது பிடித்திருந்தது.

மறுநாள் புதுத் தேர் புகைபோல் நகர்ந்தது. மன்னருக்குப் பின்னால் சொக்கம்மை ஓலையோடு அமர்ந்திருந்தாள்.

கோட்டை வாசலில் காவலன் உறங்கிக்கொண்டிருந்தான். மன்னர் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். “எவனடா அது? காற்றை மறைக்காதே, தள்ளி நில்,” என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே. மன்னர் தள்ளி நின்றார்.

மடைப்பள்ளிச் சாளரத்தின் வழியே ஒரு குரல் வந்தது: “பாயசத்து முந்திரியை நமக்கு எடுத்து வை. மன்னர் மென்றா குடிக்கிறார்?”

குளக்கரையில் அரசவைப் புலவர் நண்பரிடம் தொழில் நுட்பம் விளக்கிக்கொண்டிருந்தார்: “‘மேரு மலை’ என்று எழுத வேண்டுமா? அவருடைய தொப்பையை நினைத்துக்கொள்வேன். உவமை தானாக வரும்.”

“எழுதிக்கொள்ளட்டுமா, அரசே?”

“வேண்டாம்,” என்றார் மன்னர்.

கடைசியாகப் பயிற்சிக் களம். அங்கே தளவாய், வயிற்றில் தலையணை கட்டி, இடுப்பில் கை வைத்து, வீரர்கள் முன்னால் அன்னநடை போட்டுக்கொண்டிருந்தார்.

“யாம்… யாம்… யாம் சிந்தித்தோம்! புளி மூட்டைக்கு முடி சூட்டினால்கூட இதைவிட நன்றாகச் சிந்திக்கும்!”

வயிறு வலிக்கச் சிரித்த வீரர்கள் திடீரென்று கற்சிலையானார்கள்.

“ஏனடா நிறுத்திவிட்டீர்கள்? அவர் பாடுவதை இன்னும் செய்து காட்டவில்லையே!”

“பாடும், தளவாயாரே. யாமும் கேட்கிறோம்,” என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

முதலில் தலையணை விழுந்தது. பிறகு தளவாய் விழுந்தார்.

“அரசே! பாழாய்ப் போன தேர்! வருவதே தெரியவில்லையே! பழைய தேராக இருந்தால் நாலு தெருவுக்கு முன்பே சொல்லியிருக்குமே, நானும் அடக்கமாக நின்றிருப்பேனே! பழைய தேரே வேண்டும், அரசே! பழைய தேரே வேண்டும்!”

பொன்னாண்டி மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டான். சொக்கம்மை வானத்தைப் பார்த்தாள். “பொழுது இன்னும் உச்சிக்குக்கூட வரவில்லை, அரசே.”

மன்னர் தளவாயைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், பின்பு தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“ஒரு முறை கேட்டால் போதும் என்றோம், இரண்டு முறை கேட்டுவிட்டார்! தேர் இருக்கும், பொன்னாண்டி இருப்பான். மாதம் முழுதும் அதற்கு மை தடவத் தளவாயார் இருப்பார்.”

“நாளை முதல் தாங்கள் பவனி வருவது எந்தத் தேரில், அரசே?” என்று கேட்டாள் சொக்கம்மை.

மன்னர் குரலைத் தாழ்த்தினார். “பழையதையே பூட்டச் சொல். ஒரே முற்பகலில் இத்தனை உண்மை என் உடம்புக்கு ஆகாது. புதுத் தேர் உனக்குப் பரிசு. நீ போய்க் கேட்டு வா. எனக்குத் தாங்கும் அளவுக்குச் சொல்.”

அன்று பிற்பகலே அவள் அந்தப்புரத்துப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தாள்.

மன்னர் ஆவலோடு எழுந்து வந்தார். “அரசியார் என்னைப் பற்றி ஏதேனும் சொன்னாரா?”

“சொன்னார், அரசே. முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.”