ஒரே உறையில் இரண்டு கதிர்

"எங்க அப்பாவோட ராகியை எதுக்கு மேடம் அவ செடியில கொண்டுபோய்க் கட்டுறீங்க?"

மாதையன் கேட்டது ஹமீதாவை. சிறுதானிய ஆராய்ச்சிப் பண்ணையில், பயிரில் புது ரகம் உருவாக்கக் கற்றுத் தருகிறவர் அவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் செடியைப் பார்த்துத்தான் பேசுவார்.

அவர் கையில் இரண்டு கேழ்வரகுக் கதிர்கள் ஒரே காகித உறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஒன்று மாதையன் கொண்டு வந்தது. தருமபுரிப் பக்கம் அவன் அப்பா விதைக்கிற ராகி. ஊதாத் தண்டு. மூடிய கைபோல உருண்டு கனத்த கதிர். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் மட்டும் குலை நோய் வரும். கதிருக்குக் கீழே கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் எல்லாம் பதராகிவிடும்.

இரண்டு வருஷமாக அப்பா பதரைத்தான் அறுத்தார். நிலத்தைக் கேட்டு ஆட்கள் வந்துபோனார்கள். "நீ நோய் தாங்குற விதையோட வா. அதுவரைக்கும் விக்கமாட்டேன்" என்று சொல்லித்தான் மகனை அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான்.

இன்னொரு கதிர் பவளக்கொடியுடையது. அவளும் இங்கே படிக்க வந்தவள். கொல்லிமலையில் அவள் ஊர்க்காரர்கள் விதைக்கிற ராகி அது. பச்சைத் தண்டு, நீண்ட கழுத்து, விரிந்த மெல்லிய விரல்கள், சின்ன மணி. பார்வைக்கு ஒன்றுமில்லை. நோய் மட்டும் அண்டாது.

"மகரந்தம் உன்னோடதுல இருந்து கொட்டும்," என்றார் ஹமீதா. "விதை அவளோடதுல பிடிக்கும்."

"அப்ப அவ விதைன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க?"

ஹமீதா உறையின் வாயை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினார்.



பவளக்கொடியைப் பண்ணையில் எல்லாரும் பவளா என்பார்கள். மாதையனுக்கு அவள் எப்போதும் "அவ"தான்.

அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் மேடம் நின்று பதில் சொல்வதாக அவனுக்குப் பட்டது. அவள் பாத்தி முன்னால் மேடம் நிற்கும் நேரமும் தன் பாத்தி முன்னால் நிற்கும் நேரமும் ஒன்றுதானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றாக இருந்த நாளிலும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மலைக்கதிரில் பிடித்த விதையை விதைத்தார்கள். முளைத்ததில் பெரும்பகுதி பச்சை. அவை தாயின் சொந்த மகரந்தத்தில் உண்டானவை என்று ஹமீதா பிடுங்கச் சொன்னார். அங்கங்கே சில நாற்றுகளில் மட்டும் ஊதா நிறம் ஏறியிருந்தது. அவைதான் கலந்து பிறந்தவை.

"அப்பன் ஜாடை அப்படியே இருக்கு," என்று பவளா சிரித்தாள்.

மாதையன் அன்றைக்கு இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டான்.



அந்த ஊதாச் செடிகளின் விதையை அடுத்த பருவத்தில் விதைத்தபோது பாத்தி சந்தைக் கூட்டம் போல ஆகிவிட்டது. ஊதா, பச்சை, நெட்டை, குட்டை, மூடிய கதிர், விரிந்த கதிர். ஒன்றைப்போல இன்னொன்று இல்லை.

ஹமீதா நடுவில் கயிறு கட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தார்.

"நல்லதை வச்சுக்குங்க. மத்ததைக் கழிங்க."

"நல்லதுன்னா எது மேடம்?" என்று பவளா கேட்டாள்.

"அதைத்தான் நானும் பாக்கப்போறேன்."

இதுகூடத் தெரியாமல் படிக்க வந்துவிட்டாளே என்று மாதையன் நினைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரியும். பச்சைத் தண்டைப் பிடுங்கினான். விரிந்த கதிரைப் பிடுங்கினான். கழுத்து நீண்டிருந்தால் அதையும் பிடுங்கினான். மணி சிறுத்தது, தண்டு வலுவில்லை, சாய்ந்துவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு காரணம் இருந்தது.

பவளா வரப்பில் நின்று அவன் கழித்த குவியலைப் பார்த்தாள்.

"என்னண்ணா, எங்க மலைச் சாயல் லேசா அடிச்சாலே பிடுங்கிருவீங்க போல?"

"கண்ணு இருக்கிறவனுக்கு நல்லது எதுன்னு தெரியும்."

அவள் தன் பாத்திக்குத் திரும்பினாள். ஹமீதாவும் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டேதான் நடந்துபோனார்.

பண்ணையின் கோடியில் நோய்ப் பாத்தி என்று ஒன்று இருந்தது. சுற்றிலும் நோய் பிடிக்கிற ரகத்தை நட்டு, தினமும் நீர் தெளித்து, குலை நோயை வேண்டுமென்றே வரவழைக்கிற இடம். பவளா, தான் வைத்துக்கொண்ட செடிகளின் விதையில் பருவம் தவறாமல் கொஞ்சம் அங்கே விதைத்துப் பார்ப்பாள். மாதையனும் முதலில் ஒருமுறை விதைத்தான். அங்கே பிழைத்து நின்றதெல்லாம் மலைச் சாயல் உள்ளதாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

பருவங்கள் போயின. அவன் பாத்தி ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆனது. பார்க்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் பாத்தி மட்டும் இன்னும் கலவையாகவே கிடந்தது. அந்தக் காலம் மாதையன் நன்றாகத் தூங்கினான்.



கடைசிச் சோதனைக்கு, ஆளுக்கு ஒரே ஒரு செடியைப் பொறுக்கித் தரச் சொல்லி, அந்த விதையை நோய்ப் பாத்தியில் விதைத்தார் ஹமீதா. பக்கத்திலேயே, ஒப்பிட்டுப் பார்க்க, மாதையனின் அப்பா ராகியும் மலை ராகியும் ஒவ்வொரு வரிசை.

அந்த ஐப்பசியில் மழை நிற்கவே இல்லை.

மாதையனின் வரிசையில் கழுத்துகள் கறுத்தன. கதிர்கள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின.

பவளாவின் வரிசை நின்றது. அதில் அவன் பார்த்ததை அவனால் நம்ப முடியவில்லை. ஊதாத் தண்டு. மூடிய கைபோல உருண்டு கனத்த கதிர்.

அன்று காலைதான் அப்பா போனில் பேசியிருந்தார். நிலத்துக்கு நல்ல ஆள் வந்திருக்கிறாராம், என்ன சொல்லட்டும் என்று கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்திருந்தான்.

ஈரக் காலோடு ஹமீதாவின் அறைக்குள் போய் நின்றான்.

"அவ வரிசையில நிக்கிறது எங்க அப்பாவோட ராகி மேடம். அவ திருடிட்டா."

ஹமீதா அவனைப் பார்த்தார். பிறகு எழுந்து, குடை எடுக்காமல் வெளியே போனார்.

நனைந்து திரும்பி வந்தவர் மூன்று கதிர்களை மேசைமேல் வைத்தார். மூன்றும் ஊதா. மூன்றும் உருண்டவை.

"ஒண்ணு உங்க அப்பா கொடுத்துவிட்டது. ஒண்ணு இத்தனை பருவமா நீ பாத்துப் பாத்துப் பொறுக்கினது. ஒண்ணு பவளாவோடது. பிரிச்சு வை."

பவளாவுடையதை உடனே எடுத்துத் தள்ளி வைத்தான். அதன் கழுத்து கறுக்கவில்லை.

மற்ற இரண்டையும் கையில் எடுத்தான். விரல்களைப் பார்த்தான். தண்டைப் பார்த்தான். கறுத்த கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தான்.

"எது எதுன்னு தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல," என்றார் ஹமீதா.



மாதையன் தள்ளி வைத்த மூன்றாவது கதிரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். தாழ்வாரத்தில் பவளா கோணிச்சாக்கை உதறிக்கொண்டிருந்தாள்.

"பவளா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த விதை கொஞ்சம் கொடுப்பியா? எங்க அப்பாவுக்கு."

"அவரோட ராகிதானே அண்ணா," என்றாள் அவள். "கழுத்து மட்டும்தான் எங்களோடது."