உசத்தியான கூலண்ட்

சிறுமலையின் உட்புறத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில், சின்னதாக ஓர் ஆசிரமம் இருந்தது. அதை நடத்தியவர் நல்லமங்கை அம்மா. வயது நாற்பத்தாறு. அவருடைய சீடர்களில் மூத்தவர் ரத்தினசபாபதி. கரூரில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். மனைவி காலமான பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு மலையேறி வந்தவர். அம்மாவைவிட வயதில் மிகவும் பெரியவர். ஆனாலும் அவர் நல்லமங்கையை "அம்மா" என்பார். அம்மா அவரை "ஐயா" என்பார்.

ஆசிரமத்தில் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருந்தது. ரத்தினசபாபதி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து வண்டி. யாரோ ஓர் அன்பர் விட்டுப் போனது. அந்தப் பக்கத்துக் குடிசைகளில் யாருக்கு நோவு வந்தாலும், பிரசவம் என்றாலும், மேட்டைத் தாண்டித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோக அது ஒன்றுதான் கதி. வண்டிப் பொறுப்பை அம்மா ரத்தினசபாபதியிடம் கொடுத்திருந்தார்.

ஆடிப் பௌர்ணமிக்கு வெளியூரிலிருந்து அன்பர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அன்று வண்டிக்குக் கூலண்ட், அதாவது எஞ்சின் கொதிக்காமலிருக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம், மாற்ற வேண்டியிருந்தது. அலமாரியில் வழக்கமான பச்சைக் கூலண்ட் ஒரு கேன் இருந்தது. மலிவுச் சரக்கு. ரத்தினசபாபதி அதைத் தொடவில்லை. மகனிடம் சொல்லி வரவழைத்திருந்த சிவப்புக் கூலண்டை எடுத்தார். புது மாதிரிப் பெரிய கார்களுக்கு ஊற்றுவது. ஒரு தடவை ஊற்றினால் வருஷக்கணக்கில் மாற்ற வேண்டாம்.

"இதா, விலை ரொம்ப இருக்குமே?" என்றார் பக்கத்தில் நின்ற ஓர் அன்பர்.

"அம்மா வண்டிக்கு இருக்கறதுலயே உசத்திதான் ஊத்தணும்" என்றார் ரத்தினசபாபதி, எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவருக்கு மனம் குளிர்ந்தது.

மார்கழியில் ஒரு நாள் வண்டிக்கடியில் சிவப்பாக நாலைந்து சொட்டுகள் கிடந்தன. குனிந்து பார்த்தார். ரேடியேட்டரின் ஒட்டு கசிந்துகொண்டிருந்தது. அவருக்கு முகம் சுட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செருப்புக்காலால் மண்ணைத் தள்ளி மூடினார். குறைந்த அளவுக்கு அதே சிவப்பை ஊற்றி மூடியைத் திருகினார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் மண்ணைத் தள்ளினார். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

தை பிறந்து சில நாள் கழித்து, சமையல் செய்யும் பேச்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். ரத்தினசபாபதி வண்டியை எடுத்தார்.

மேடு ஏறும்போது பாதி வழியில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஆவி. ஒட்டு விட்டுப்போய், சிவப்புத் தண்ணீர் தார்ச்சாலையில் ஓடையாக இறங்கியது. வெட்டுப்பட்ட ஆடு கிடந்த இடம் மாதிரி இருந்தது. அம்மா அதைப் பார்த்தார். அடுத்து அம்மா தன்னைப் பார்ப்பார் என்று ரத்தினசபாபதி நினைத்தார். அம்மா பார்க்கவில்லை. பேச்சியம்மாளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உச்சி வெயில். ரத்தினசபாபதி தோள் துண்டை விரித்துப் பேச்சியம்மாளுக்கு நிழல் பிடித்தபடி நின்றார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு வண்டியும் வரவில்லை. அவளுடைய முனகல் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. வெகுநேரம் கழித்து வாழைக்காய் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. டிரைவர் பக்கத்தில் அவளைக் கிடத்திக் கொண்டுபோனார்கள்.

குடல்வால் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு சீழ் பிடிச்சிருக்காது." வயிற்றைத் திறந்து கழுவித் தைத்தார்கள். உயிர் தங்கியது.

வண்டி ஏன் நின்றது என்று ஆசிரமத்தில் எல்லோரும் கேட்டார்கள். "பழைய வண்டிதானே, அது என்ன பண்ணும்?" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

"ஆமா, பழைய வண்டி" என்றார் ரத்தினசபாபதி.

பேச்சியம்மாள் தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொன்னாளாம். "அந்தக் கரூரு ஐயா, வெயில்ல எம்புட்டு நேரம் துண்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு! பெத்த பிள்ளைகூடச் செய்யாது."

இதைக் கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அம்மாவிடம் போனார். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தெரிஞ்சே தப்புப் பண்ணினவனுக்கு என்ன கதி?"

"யாரு பண்ணினது?"

"பொதுவாத்தான் கேக்கறேன்."

"பொதுவாத் தப்புப் பண்ணின ஆளு யாரும் இங்க இல்லையே, ஐயா."

அம்மா துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வண்டி நின்ற கொட்டகைக்கு நடந்தார். பின்னாலேயே போனார் ரத்தினசபாபதி. திண்டுக்கல்லில் ஒட்டுவைத்த ரேடியேட்டர் திரும்பி வந்து, வண்டியில் பொருத்தியாகிவிட்டது. அம்மா அலமாரியைத் திறந்து இரண்டு கேன்களையும் தரையில் வைத்தார்.

"எதை ஊத்தணும்?"

"பச்சையை."

"ஏன்?"

"இது பித்தளை ரேடியேட்டர், ஈயம் வச்சு ஒட்டினது. சிவப்பு, புது வண்டிக்குள்ளது. அது ஈயத்தை அரிச்சுடும். பழைய ரப்பரும் தாங்காது."

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

அவர் கொட்டகைக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பார்த்ததற்காகவும் வெட்கப்பட்டார்.

"கடை வச்ச நாள்லேருந்து தெரியும், அம்மா. பழைய வண்டிக்காரங்க சிவப்புக் கேட்டு வந்தா, நானே வேணாம்னு திருப்பி அனுப்பியிருக்கேன்."

அம்மா தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். "எஞ்சினுக்குள்ள பழசு இன்னும் கிடக்கும். அலசி எடுங்க."

அவர் அலசினார். தண்ணீர் சிவப்பாக வந்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி அலசினார். ரோஜா நிறத்தில் வந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் அலசினார். தண்ணீர் தெளிந்த பிறகு பச்சையை அளந்து ஊற்றி மூடியைத் திருகிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, கரூர்ல எம்பங்கு இடம் ஒண்ணு இருக்கு. அதை வித்துப் பேச்சியம்மாளுக்குக் கொடுத்துடறேன். ஆசிரமத்துக்கு ஒரு புது வண்டி வாங்கிடறேன். நான் இங்க இருக்க லாயக்கில்லாதவன். போயிடறேன்."

"பேச்சியம்மாளைக் கேட்டீங்களா?"

பேச்சியம்மாள் வீடு திரும்பிய நாளில் அவர் போனார். அவள் குடிசையில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அன்பர்களின் முன்னால் ஊற்றியது, சொட்டியது, மண்ணைத் தள்ளி மூடியது, பழைய வண்டி என்று தலையாட்டியது.

பேச்சியம்மாள் முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் செத்திருந்தா, அப்பவும் பழைய வண்டின்னுதான் சொல்லியிருப்பீகளா?"

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"போங்க ஐயா. இப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு."

அவர் எழுந்தார். வாசலுக்கு வந்ததும் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அடுப்படியில யாரு நிக்கிறா?"

"யாரும் நிலையா இல்ல. ஆளாளுக்கு ஒரு நேரம்."

"நீங்க நில்லுங்க. நான் எந்திரிக்கிற வரைக்கும்."

ரத்தினசபாபதி ஊருக்குப் போகவில்லை. மறுநாள் விடியலில் அடுப்பு மூட்டினார். விரலைச் சுட்டுக்கொண்டார், புகையில் கண்ணீர் வந்தது, அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. கைச்செலவுக்கு வைத்திருந்ததில் நல்ல நெய்யும் முந்திரியும் வாங்கி வரச்சொல்லி, நெய் மிதக்க மிதக்க வெண்பொங்கல் கிண்டினார். பந்தி முடிந்ததும், பேச்சியம்மாளுக்கென்று ஒரு வாழையிலையில் நிறைய வைத்து, மேலே இன்னும் ஒரு கரண்டி நெய்யை ஊற்றினார்.

அம்மா கை கழுவிவிட்டு அடுப்படிப் பக்கம் வந்தார்.

"அம்மா, அந்தம்மா சொன்னபடியே அடுப்படியில நிக்கிறேன். ஆனா நெஞ்சுக்குள்ள கூசிக்கிட்டே இருக்கு. இந்த வெட்கம் எப்பப் போகும்?"

அம்மா இலையைப் பார்த்தார். விளிம்பில் நெய் வழிந்துகொண்டிருந்தது.

"இது யாருக்கு?"

"பேச்சியம்மாளுக்கு."

"தையல் போட்ட வயிறு, ஐயா" என்றார் அம்மா. "கஞ்சி இருக்கா?"