நீர் வெளியேறக் கூடாது

மழையை மக்கள் மறந்தேபோன ஒரு காலத்தில், வறண்டியூர் நாட்டை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நாட்டில் தண்ணீர் இல்லை, ராஜாவிடம் யோசனை இல்லை; சட்டம் மட்டும் ஏராளம்.

ஒருநாள் பட்டத்து யானை செங்கமலம் முற்றத்தில் நின்றபடியே சிறுநீர் விட்டது. யானை அல்லவா? கால்வாய் வெட்டாத குறைதான்.

"ஐயோ, நாம் கொடுத்த தண்ணீர்!" என்று ராஜா மார்பில் அடித்துக்கொண்டார்.

பாகன் வேலையை மைத்துனனுக்கு வாங்கித்தரக் காத்திருந்த தளவாய் திம்மப்பர் முந்திக்கொண்டார். "மகாராஜா, சுவரில் இருக்கும் பல்லி ஒரு சொட்டாவது வீணாக்குகிறதா? ஒட்டகம்கூடச் சிக்கனமாக இருக்கிறது. எல்லாம் இந்தப் பாகன் இருளாண்டி கொடுக்கும் செல்லம்!"

உடனே ஓலை பிறந்தது: 'இன்றுமுதல் நீர் வெளியேறக் கூடாது. மீறினால் தலை போகும்.' யானை மீறினால் பாகன் தலை.

ஓலையை இருளாண்டி கையில் திணித்து, யானையோடு அரண்மனை வாசலில் நிற்கவைத்தார் திம்மப்பர். வாசலுக்கு உள்ளே எதிரே உட்கார்ந்து, யானையின் பின்பக்கத்தையே பார்த்தபடி செம்பு செம்பாக மோர் குடித்தார். செங்கமலம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. தன் தலைக்கு வந்த ஆபத்தைவிட, அந்த வாயில்லா ஜீவன் படும் பாடுதான் இருளாண்டிக்குப் பொறுக்கவில்லை.

உச்சிவேளையில் திம்மப்பர் எழுந்து அவசரமாக வாசலுக்கு வந்தார். இருளாண்டி யானையைக் குறுக்கே நிறுத்தினான்.

"எங்கே எசமான் கிளம்பிட்டீங்க? நீர் வெளியேறக் கூடாதுன்னு ஓலை சொல்லுதே!"

"அடேய், 'நீர்' என்றால் நானா? தண்ணீரடா!"

"பெரியவங்களை 'நீ'ன்னா எழுதுவாங்க? மரியாதையா 'நீர்'னு எழுதியிருக்கு. இல்லே, தண்ணிதான்னா... எசமான் இப்போ எதுக்கு வெளியே போறீங்க?"

திம்மப்பர் போட்ட கூச்சலில் ராஜாவே வந்துவிட்டார். "என்னடா கூத்து?"

"மகாராஜா, உள்ளே போற தண்ணி சும்மா திரும்பி வரலே; உடம்புல சேர்ற அழுக்கைக் கழுவிக்கிட்டு வருது. ஒட்டகம் கெட்டியா, கொஞ்சமா விடும். பல்லி அதையே வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி எச்சத்தோட போடும். யானைக்கும் தளவாய்க்கும் அந்தக் கொடுப்பினை இல்லீங்க. அடக்கினா உடம்புக்கு விஷம்."

ராஜாவும் காலையிலிருந்து தம் சட்டத்தை மதித்து வந்தவர்தான்; அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. "சட்டம் ரத்து! திம்மப்பரே, எழுதும்!"

ராஜாவின் பட்டப்பெயர்களை முழுவதும் எழுதாமல் எந்த ரத்தும் அந்த நாட்டில் செல்லாது. அவற்றை இயற்றியவரே திம்மப்பர்தான். குதித்துக்கொண்டே எழுதினார்: "கங்கையெனப் பெருகும்... கார்மேகமெனப் பொழியும்... மடை திறந்த வெள்ளமென..." 'அருவியென' என்ற இடத்தில் எழுத்தாணி நழுவியது. தளவாய் நின்ற இடம் நனைந்தது. சத்தம் கேட்ட செங்கமலமும் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஓலை மிதந்தே போயிற்று.

"எழுதியவரை செல்லும்! உம் தலை பிழைத்தது திம்மப்பரே; இனி யானைக்குத் தண்ணீர் இறைப்பது உம் வேலை. இருளாண்டி, இனி நீர் எம் மந்திரி! என்ன வேண்டுமோ கேளும், ஆனால் நாளைக்குக் கேளும்!" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்தபடி ராஜா தோட்டத்தைப் பார்த்து ஓடினார்.